மேலத்தெரு ஜாடிகள் பொங்காத வருஷம்

தூதர்பட்டியில் மேலத்தெருக்காரர்கள் பிழிந்துவைத்த திராட்சைச் சாறு ஒயினாக மாட்டேன் என்று அடம்பிடித்தது எந்த வருஷம் என்று கேட்டால், கீழத்தெரு இன்னாசியின் மகள் சலேத்து காய்ச்சலில் செத்துப்போன வருஷம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், மேலத்தெரு சந்தியாகு மகளுக்குத் தலைக்கிறிஸ்துமஸ் வந்த வருஷம் என்றுதான் சொல்வார்கள். அந்த ஊர் எப்போதும் அப்படித்தான் கணக்கு வைத்துக்கொள்ளும்.

மேற்கு மலையின் அடிவாரத்தில் பன்னீர் திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே இருந்த அந்த ஊருக்குக் கோயில் ஒன்று, மாதா ஒன்று, சாமியார் ஒருவர், ஆனால் தெரு இரண்டு. தெருக்களுக்கு நடுவே ஒரு வாய்க்கால் ஓடியது, அதன்மேல் ஒரு பலகைப் பாலம் கிடந்தது. கல்லறைத் திருநாள் முடிந்த கையோடு இரண்டு தெருவிலும் ஜாடி போடுவார்கள்: கறுத்த பழங்களைக் கழுவித் துடைத்துக் கையால் நசுக்கிப் பிழிந்து, சாற்றில் சர்க்கரையும் ஒரு கை இடித்த கோதுமையும் கொஞ்சம் பட்டையும் கிராம்பும் சேர்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்த ஈஸ்டை ஊற்றி, பீங்கான் ஜாடியின் வாயில் வெள்ளைத் துணி கட்டி இருட்டு மூலையில் வைத்து, தினமும் மர அகப்பையால் ஒரே பக்கமாகக் கலக்கிவர, சாறு நுரை கட்டி, மொறுமொறுவென்று தனக்குள் ஏதோ பேசிக்கொண்டே இருந்து, கிறிஸ்துமஸ் நெருங்கும்போது பேச்சை நிறுத்தித் தெளிந்துவிடும். அந்த நாட்களில் எதிரே வருகிறவர்களிடம் சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டார்கள், ஜாடி பேசுதா என்றுதான் கேட்பார்கள். சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்ததும் முதலில் அந்த ஒயினைத்தான் வைக்க வேண்டும். அது புளித்திருந்தாலோ கலங்கியிருந்தாலோ பெண்ணை வளர்த்த லட்சணத்தையே சந்தேகப்படுவார்கள். கடையில் வாங்கிய பாட்டிலை வைப்பது அதைவிடக் கேவலம்.

தெரு இரண்டாக இருந்தால் கல்லறையும் இரண்டாகத்தான் இருக்கும். ஒரே தோட்டம்தான், நடுவில் ஆளுயரச் சுவர். சுவருக்கு மேற்கே மேடு, செம்மண், எந்த மழைக்கும் ஒரு சொட்டு நிற்காது, அங்கே மேலத்தெரு. சுவருக்குக் கிழக்கே கண்மாயைப் பார்த்து இறங்குகிற பள்ளம், ஐப்பசி பிறந்தால் கீழேயிருந்து ஊறும், அங்கே கீழத்தெரு. அந்தச் சுவரை இடிக்கச் சொன்ன சாமியார்கள் எல்லாரும் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார்கள், சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது.

சலேத்து செத்தது அப்படியொரு ஐப்பசியில். குழி தோண்டத் தோண்டத் தண்ணீர் வந்தது. இன்னாசியும் அவன் தம்பிமாரும் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தார்கள், இறைத்ததைவிட ஊறியது அதிகம். கடைசியில் அப்படியே பெட்டியை இறக்கினார்கள், பெட்டி மிதந்தது. சின்னப் பெட்டி, கனமும் இல்லை. அதன் மேல் கல்லைத் தூக்கிவைத்து அமுக்கித்தான் மண்ணைத் தள்ள வேண்டியிருந்தது. இன்னாசியின் மனைவி கித்தேரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் செத்ததைக்கூட அவள் எப்படியோ தாங்கிக்கொண்டாள், அந்தக் கல்லைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“சளி ஒடம்பு அவளுக்கு. ஈரம் ஆகாது” என்று வீட்டுக்கு வந்ததும் இன்னாசியிடம் சொன்னாள்.

“செத்த புள்ளைக்கு என்னடி சளி?”

“ஒனக்குத் தெரியாது. நெஞ்சு கரகரங்கும். தலையத் துவட்டாம விட்டா ரெண்டு நாள் இருமுவா.”

இன்னாசி வெளியே போய்விட்டான். அவனுக்கும் அது தெரியும்.

அதற்குப் பிறகுதான் ஜாடி போடும் காலம் வந்தது. கித்தேரி எப்போதும்போல் சந்தியாகு வீட்டுக்குப் போய், எப்போதும்போல் பின்கட்டில் உட்கார்ந்து, எப்போதும்போல் கூடை கூடையாகப் பழங்களைப் பிழிந்து கொடுத்தாள். சாறு வாசலைத் தாண்டி உள்ளே போனதும் சந்தியாகுவின் மனைவி பிரகாசி சர்க்கரை போட்டாள், ஈஸ்ட் ஊற்றினாள், துணி கட்டினாள். சாறு சும்மா இருந்தது. ஒரு குமிழி வரவில்லை. வாரம் போயிற்று, அப்போதுதான் பிழிந்த சாறு மாதிரி தித்தித்துக்கொண்டு கிடந்தது. கெட்டுப்போனால்கூட மனசு ஆறும், அது கெடவும் இல்லை. எறும்புகூட அந்தப் பக்கம் வரவில்லை. பிரகாசி பக்கத்து வீட்டில் விசாரித்தாள், அங்கேயும் அப்படித்தான். கோடிவீடு வரைக்கும் மேலத்தெருவில் ஒரு ஜாடி பேசவில்லை.

கீழத்தெருவிலோ நிறுத்த முடியவில்லை. மதியம் டம்ளரில் மிச்சம் வைத்த சாறு சாயந்தரத்துக்குள் நுரைத்தது. தெரியாமல் அதைக் குடித்த பிள்ளைகள் செபமாலைக்கு முழங்கால் போட்டபடியே சாய்ந்து விழுந்தன. பழம் பிழிந்த பெண்களின் முந்தானையில் ஊறியிருந்த சாறுகூட கொடியில் காயும்போது மெல்லப் பொங்கியது. கீழத்தெருக்காரர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி என்றார்கள்.

மேலத்தெருவில் முதலில் சர்க்கரையைக் குறை சொன்னார்கள். பிறகு பழத்துக்கு அடித்த மருந்தை, ஈஸ்ட் விற்ற கடைக்காரனை, போன வாரம் வந்துபோன ஒரு மலட்டு உறவுக்காரியை. சாமியாரைக் கூட்டிவந்து ஒவ்வொரு ஜாடியாக மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார்கள். அதில் சாறு கொஞ்சம் நீர்த்ததுதான் மிச்சம். ஆத்திரம் தாங்காமல் பிரகாசி கித்தேரியைக் கூப்பிட்டாள்.

“ஏ கித்தேரி, இந்தச் சனியனக் கொண்டுபோயி மாட்டுக்கு ஊத்து. மாடு மோந்து பாக்கலன்னா வாய்க்கால்ல கவுத்துரு. ஜாடியக் கழுவிக் கொண்டா.”

கித்தேரி ஜாடியைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு நடந்தாள். பலகைப் பாலத்தில் பாதி தூரம் வந்ததும் தலைக்கு மேலே மொறுமொறுவென்று சத்தம் கேட்டது. துணி உப்பியது. கரை இறங்குவதற்குள் நுரை வழிந்து அவள் நெற்றியில் இறங்கியது. நல்ல சாறாயிற்றே என்று திரும்பினாள். பாலத்தில் பாதி தூரம் வந்ததும் ஜாடி வாயை மூடிக்கொண்டது. மறுபடி திரும்பினாள், மறுபடி பேசியது.

சேதி பரவி இரண்டு தெருவும் வாய்க்காலின் இரண்டு கரையிலும் கூடிவிட்டது. மேலத்தெரு ஜாடிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பாலத்தில் போகவும் வரவும் வைத்துப் பார்த்தார்கள். ஜாடி அந்தக் கரைக்குப் போகும்போது கீழத்தெருப் பிள்ளைகள் கை தட்டின, இந்தக் கரைக்கு வரும்போது மேலத்தெருப் பிள்ளைகள் கை தட்டின. அன்று யாரும் வேலைக்குப் போகவில்லை.

மறுநாள் கோயில் முற்றத்தில் மேலத்தெருப் பெரியவர்கள் கூடினார்கள். ஊர் என்றால் சந்தியாகுதான் என்பதால் அவர் நடுவில் உட்கார்ந்தார். நம்ம ஜாடி அவங்க வீட்டுக்குள்ள போகலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, ஜாடிக்கு ஏது தெரு என்று அவர் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். மனுஷனுக்கு இருக்கிற தெரு ஜாடிக்கு எப்படி இல்லாமல் போயிற்று என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

அன்று சாயங்காலமே ஜாடிகள் பாலத்தைக் கடந்தன. ஒவ்வொரு ஜாடியோடும் ஒரு மேலத்தெருக் காவலாளி, தனி அகப்பை, தனித் துணி. வீட்டுக்காரர்கள் தொடக்கூடாது, காவலாளிதான் கலக்க வேண்டும். காவலாளி கலக்கினான், ஜாடி அடங்கிப்போயிற்று. கீழத்தெருக்காரி கலக்கினாள், பொங்கியது. அதுவும் முதலில் பொங்கவைத்த கைக்குத்தான் கடைசிவரை கட்டுப்படும், கையை மாற்றினால் ஊமையாகிவிடும் என்றும் தெரிந்தது. இதற்கும் ஒரு கூட்டம் போட்டார்கள். பொங்குகிறபோது உள்ளே எல்லாம் வெந்துபோகிறது, அதனால் கை பட்ட தீட்டு நிற்காது என்று முடிவாயிற்று. சாமியாரும் சின்ன வயசுக்காரர், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் இதைப் பற்றிக் கொஞ்சம் காரமாகவே பேசிவிட்டார். அடுத்த ஞாயிறு மேலத்தெருப் பக்கத்து இருக்கைகள் காலியாகக் கிடந்தன. அதற்கடுத்த ஞாயிறு அவர் பொறுமை என்ற புண்ணியத்தைப் பற்றிப் பேசினார்.

கீழத்தெருக்காரர்கள் கோபப்பட்டிருப்பார்கள் என்று நினைத்தால் தப்பு. அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஒற்றை அறை வீட்டில் பெரிய பெரிய ஜாடிகளுக்கு மூலையை விட்டுக்கொடுத்துவிட்டுப் பிள்ளைகளை வாசலில் படுக்கவைத்தார்கள். யார் வீட்டுக்கு யார் ஜாடி என்பதில் சண்டை வந்தது. எங்க வீட்டில் ஸ்கூல் தாளாளர் ஜாடி இருக்கிறது என்று ஒருத்தி சொன்னால், எங்க வீட்டில் லாரி முதலாளி ஜாடி இருக்கிறது என்று இன்னொருத்தி பதில் சொன்னாள். மேலத்தெரு ஆட்கள் பாலத்தில் நின்று “ஜாடி பேசுதா?” என்று சிரித்த முகமாகக் கேட்டார்கள். அதுவரை அவர்கள் அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்ததே கிடையாது.

கித்தேரி மட்டும் சந்தியாகு ஜாடிக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தாள். அது கழுத்துவரை சாறு நிறைந்த பெரிய ஜாடி, தலைக்கிறிஸ்துமஸ் ஜாடி. ஒரு நாள் காலையில் அகப்பையைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். ஜாடியின் பேச்சு குறைந்தது, பிறகு நின்றது.

“என்னடி செய்யற?” என்று இன்னாசி பதறினான். “அவுக தோட்டத்துலதான் நமக்குப் பொழப்பு.”

“எம்புள்ளைக்கும் ஒரு பொழப்பு வேணும்ல.”

சந்தியாகு பாலத்துக்கு வந்தார். கீழே இறங்கவில்லை, பலகையிலேயே நின்று கூப்பிட்டார். அவள் வந்து கரையில் நின்றாள்.

“ஏ கித்தேரி, ஜாடி பேசலையாமே. கை கிய் வலிக்குதா?”

“கை நல்லாத்தான் இருக்கு மொதலாளி.”

“பெறகென்ன?”

“எம்புள்ள தண்ணியில கெடக்கா மொதலாளி. மேட்டுல, காஞ்ச மண்ணுல ஒரு எடம் குடுங்க. ஒங்க ஆளுக பக்கத்துல வேணாம். மூலையில போதும். சின்னப் பெட்டிதான்.”

அவர் அவளையே பார்த்தார். அவருக்குக் கோபம் வந்தது, ஆனால் கோபத்துக்குப் பின்னால் டவுனில் மூன்று மாடிக் கடை வைத்திருக்கிற சம்பந்தி தெரிந்தார், சம்பந்தியின் கையில் டம்ளர் தெரிந்தது.

“ரோசம் பாரு” என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

பேச்சு பல நாள் நடந்தது. புதுச் சேலை தருவதாகச் சொன்னார்கள், வேண்டாம் என்றாள். வேலையை விட்டு நிறுத்துவதாகச் சொன்னார்கள், நிறுத்துங்கள் என்றாள். கீழத்தெருப் பெண்களே வந்து, நல்லா இருக்கிற நேரத்துல கெடுக்காத கித்தேரி, இப்பத்தான் நம்மள மதிக்கிறாக என்று கெஞ்சினார்கள். அவள் யாரையும் திட்டவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அது காய்ந்த மண்.

கடைசியில் சந்தியாகு கோயிலுக்கு முன்னால் சாமியார் பார்க்க மாதா மேல் சத்தியம் செய்தார். சலேத்துக்கு மேட்டில் இடம் உண்டு, இனி அவளை யாரும் எடுக்கமாட்டார்கள், இது ஊர் வாக்கு என்றார். சாமியாருக்குக் கண் கலங்கியது. மாதாவே நேரில் வந்து சாதித்த காரியம் என்று அவர் அன்று இரவு பிஷப்புக்குப் போன் செய்து சொன்னதாகக் கேள்வி.

சொன்னபடி செய்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. பட்டப்பகலில் இன்னாசியும் தம்பிமாரும் பள்ளத்தில் தோண்டிக் கல்லை விலக்கிப் பெட்டியை எடுத்தார்கள். பலகை ஊறிப்போய் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. சுவரைச் சுற்றிக்கொண்டு மேட்டுக்குப் போய், மேற்கு மூலையில் வெட்டிய குழியில் இறக்கினார்கள். கித்தேரி குழியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்தாள். அது விரல் இடுக்கில் பொலபொலவென்று கொட்டியது. அதை முகத்தில் வைத்து அழுதாள். அவ்வளவு நாளும் அழாத அழுகையெல்லாம் அங்கேதான் அழுதாள், சந்தோஷமாகத்தான் அழுதாள். வீட்டுக்கு வந்து அகப்பையை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றினாள், ஜாடி உடனே பேசத் தொடங்கியது.

அந்த வருஷத்து ஒயினை இன்றைக்கும் பேசுகிறார்கள். டம்ளரில் ஊற்றினால் விளக்கு வெளிச்சம் மறுபக்கம் தெரியும், அவ்வளவு தெளிவு. டவுன் சம்பந்தி இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, எந்தக் கைப்பக்குவம் இது என்று கேட்டார். எல்லாம் எங்க வீட்டுப் பக்குவம்தான் என்றாள் பிரகாசி.

பண்டிகை முடிந்து மூன்று ராசாக்கள் திருநாளுக்குள் கொத்தனார்கள் வந்துபோயிருந்தார்கள். சலேத்து பிறந்த நாளன்று மெழுகுவத்தியும் ஒரு முழம் மல்லிகையும் எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போன கித்தேரி, மூலையில் புதிதாக ஒரு சுவரைப் பார்த்தாள். நாலு பக்கமும் ஆளுயரத்துக்கு எழுப்பி, உள்ளும் புறமும் சிமெண்டு பூசி, வெள்ளையும் அடித்திருந்தது. கைவேலை சுத்தம். அவள் ஒரு சுற்றுச் சுற்றினாள். வாசலைக் காணோம். அவசரத்தில் விட்டுவிட்டோமோ என்று எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்றுச் சுற்றினாள். பிறகு பூவையும் வத்தியையும் கையில் பிடித்தபடியே சந்தியாகு வீட்டுக்குப் போய்ப் பின்கட்டு வாசலில் நின்றாள்.

“மொதலாளி, எம்புள்ளையச் சுத்திச் செவரு வச்சிருக்காக.”

“ஆமா, நாந்தான் வைக்கச் சொன்னேன். எங்க ஆளுக மனசு சங்கடப்படக் கூடாதுல்ல.”

“வாசல் வைக்கலையே மொதலாளி. நா எப்பிடி உள்ள போக?”

“எடம் கேட்ட, குடுத்தாச்சு” என்றார் அவர், குரலை உயர்த்தாமல். “வழி கேட்டியா?”

அவள் யோசித்துப் பார்த்தாள். கேட்கவில்லைதான்.

கீழத்தெருவில் இதைக் கேட்டுக் கொஞ்ச நாள் கொதித்தார்கள், பிறகு ஆறிப்போனார்கள். என்ன இருந்தாலும் பிள்ளை காய்ந்த இடத்தில் கிடக்கிறது என்று சொல்லித் தேற்றினார்கள். கித்தேரியும் அதையே சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் சுவருக்கு வெளியே நின்று ஒரு பூவை உள்ளே எறிந்துவிட்டு வருவாள். அது எங்கே விழுந்தது என்று தெரியாது.

மறு ஐப்பசி வந்தது, மழை வந்தது. மேட்டில் எங்கும் ஒரு சொட்டு நிற்கவில்லை, எப்போதும்போல் சரிந்து ஓடியது. அந்த நாலு சுவருக்குள் விழுந்த தண்ணீருக்கு மட்டும் ஓட இடம் இல்லை. கொத்தனார்கள் நன்றாகப் பூசியிருந்தார்கள். கித்தேரி போனபோது வெளிச்சுவர் இடுப்பு உயரம்வரை ஓதம் ஏறிக் கறுத்திருந்தது. உள்ளங்கையை வைத்தாள், ஜில்லென்று இருந்தது. இன்னாசியைக் குனியச் சொல்லி அவன் தோளில் ஏறி எட்டிப் பார்த்தாள். தொட்டி மாதிரி இடுப்பளவு தண்ணீர். அவள் வருஷம் முழுக்க எறிந்த பூக்களெல்லாம் கறுத்து அழுகி மேலே மிதந்தன.

“தெரியுதா?” என்று கீழேயிருந்து இன்னாசி கேட்டான்.

அவள் இறங்கினாள்.

அந்த வருஷமும் மேலத்தெருச் சாறு பொங்கவில்லை. இப்போது யாரும் ஆச்சரியப்படவும் இல்லை, கூட்டம் போடவும் இல்லை. கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் ஜாடிகள் பாலத்தைக் கடப்பது ஊர் வழக்கம் ஆகியிருந்தது, முன்னால் ஒருவர் சிலுவைகூடப் பிடித்துக்கொண்டு போனார். சந்தியாகு வீட்டில் மகள் உண்டாகியிருந்தாள். ஞானஸ்நான விருந்துக்கும் சேர்த்து இரண்டு ஜாடி. போன வருஷம் பழகிய கைக்குத்தான் இந்த வருஷமும் அந்தந்த வீட்டு ஜாடி கட்டுப்படும் என்பதால் கித்தேரி வீட்டு வாசலில் இறக்கிவைத்தார்கள். அவள் அகப்பையைத் தொடவில்லை.

சந்தியாகு பாலத்துக்கு வந்தார். இந்த முறை அவள் இரவு பகலாக யோசித்து ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்திருந்தாள். வாசல் கேட்டால் தரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஓட்டை கேட்டாள்.

“செவத்துல ஒரு ஓட்டை வேணும் மொதலாளி. தரையோட தரையா இருக்கணும், தண்ணி பூராம் வடியணும். எங் கை உள்ள போற அளவு இருக்கணும். முழங்கை வரைக்கும் போகணும். பெறகு அடைக்கக் கூடாது. உள்ள மண்ணப் போட்டும் அடைக்கக் கூடாது, வெளிய கல்ல வச்சும் மறைக்கக் கூடாது. நா வர்ற நாள்ல யாரும் என்னைய நிப்பாட்டக் கூடாது. நா செத்த பெறகும் அது அப்பிடியே இருக்கணும். இம்புட்டையும் மாதா மேல சொல்லுங்க.”

அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அவள் முடித்ததும், “சரி” என்றார். “மாதா மேல சத்தியம். நீ சொன்னதுல ஒண்ணு கொறையாது” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

கித்தேரி அகப்பையோடு ஜாடிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவர் அவ்வளவு சீக்கிரம் சரி என்றது அவளுக்குப் பயமாக இருந்தது. எதைக் கேட்காமல் விட்டுவிட்டோம் என்று முதலிலிருந்து ஒவ்வொன்றாக மறுபடி சொல்லிப் பார்க்கத் தொடங்கினாள்.